வழக்கமான இடம்

படகு தரை தட்டிவிட்டது. அடியில் சொரசொரவென்று ஒரு சத்தம், பிறகு இஞ்சின் வீணாகக் கத்தியது, பிறகு படகோட்டும் சாரங்கு காத்தமுத்து அதை அணைத்துவிட்டு ஆற்றைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், உடனே என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷ சர்வீஸில் நன்றாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான், கேட்காத மாதிரி இருப்பது. வத்தம் தொடங்கிடுச்சும்மா, தண்ணி எறங்குது, இனி ஏறினாத்தான் படகு நகரும், என்றார். எப்போ ஏறும்? அது ஏறும்போது ஏறும். அருமையான பதில், எங்கள் ஆபீஸில் யாராவது இப்படிப் பதில் எழுதினால் மெமோ கொடுப்பார்கள், ஆனால் இதைவிட உண்மையான பதிலை எந்த ஃபைலிலும் நான் படித்ததில்லை. படகில் மூன்று பேர். நான், காத்தமுத்து, சரக்கு இறக்கும் டாக் கம்பெனியிலிருந்து வந்திருக்கும் சுகந்தன். வெள்ளைச் சட்டை, முழுக்கை, கூலிங் கிளாஸ். நல்ல பையன்தான், என்ன கேட்டாலும் ஓகே மேடம் என்பான், முப்பது வயசுக்கு அவ்வளவு பொறுமை இருக்கக் கூடாது. மேடம், இதுவே நல்ல ப்ரூஃப்தானே, தூர் வாரணும்னு ஆறே சொல்லுது, என்று சிரித்தான். சிரிக்கத்தான் வேண்டும். தூர் வார அனுமதி கொடுக்கப் போன உதவிப் பொறியாளர் தில்லைநாயகி, வார வேண்டிய தூரிலேயே மாட்டிக்கொண்டாள். ஊரெல்லாம் சிரிக்கும். எனக்குத்தான் தெம்பில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது, குடையை வீட்டில் மறந்துவிட்டேன், காலையில் எதைத்தான் நினைவாக எடுத்தேன்.

மடியில் ஃபைல். பராமரிப்புத் தூர்வாரல். பராமரிப்பு என்றால் புதிதாக எதுவும் இல்லை, முன்னால் செய்ததையே மறுபடியும் செய்வது, அதனால் யாரையும் புதிதாகக் கேட்க வேண்டியதில்லை, மேலே போக வேண்டியதில்லை, கீழே போக வேண்டியதில்லை, நான் நேரில் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். கப்பல் வரும் வழியில் சேறு எவ்வளவு, ஆழம் எவ்வளவு, எல்லாம் அச்சடித்து வந்துவிட்டது. கடைசியில் ஒரே ஒரு வரி. அகற்றப்படும் சேறு வழக்கமான இடத்தில் கொட்டப்படும். வழக்கமான இடம். முன்னால் வாரியபோதும் அப்படித்தான் எழுதியிருந்தார்களாம், அதற்கு முன்னால் வாரியபோதும் அப்படித்தான். பழைய குருடி கதவைத் திறடி. எது அந்த இடம் என்று நான் சுகந்தனைக் கேட்டதற்கு, தோ அங்க மேடம், ஆத்துக்கு அந்தப் பக்கம், சும்மா கெடக்குற தண்ணிதான், என்று கையைக் காட்டினான். சும்மா கிடக்கிற தண்ணி. போன மாதம் ஒரு தடவை வந்து பார்த்தேன், உண்மையிலேயே தண்ணிதான் கிடந்தது. இன்றைக்கு ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து. வேறு துறைமுகத்தில் தூர் வாரும் கப்பல் காத்துக்கொண்டிருக்கிறது, மழைக்கு முன்னால் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான், அதற்குள் டாக்குக்குச் சரக்குப் படகு ஒன்றுகூட உள்ளே வர முடியாது, லோடுமேன்கள் கேரளாவுக்குப் போய்விடுவார்கள். காத்தமுத்துவின் மச்சானும் ஒரு லோடுமேன். படகில் ஏறும்போதே சொன்னார், உங்க கையெழுத்துலதாம்மா எங்க ஊட்டு அடுப்பு. இப்படியெல்லாம் ஒரு மனுஷியிடம் காலையிலேயே சொல்லக் கூடாது. என் கையெழுத்து என் வீட்டு அடுப்பையே சரியாக எரிய வைக்கவில்லை.

சரியாக. சரி. இந்த வார்த்தை எங்கே வந்தாலும் என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்துவிடுகிறது. அவருக்குப் பக்கவாதம் வந்து போனபிறகு மிச்சமிருப்பது அந்த ஒரு வார்த்தைதான். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த மனுஷன், கண்டக்டர்களை வாயாலேயே விரட்டியவர், கல்யாண வீட்டில் பந்தி முடிந்தும் பேச்சை முடிக்கமாட்டார், வாயை மூடுங்களேன் என்று எத்தனை முறை நானே கத்தியிருக்கிறேன். மூடிவிட்டார். தண்ணி வேணுமா? சரி. வலிக்குதா? சரி. நான் செத்துப் போகட்டுமா? ஒருநாள் அலுப்பில் கேட்டுவிட்டேன். சரி. பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம், அவர் கண்ணில் தண்ணி. மிஷினை வைத்துத் தொண்டையிலிருந்து சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும், எடுத்தால் மறுபடி சேரும், சேர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும். பராமரிப்பு. இதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். பகலில் முத்தாலு வந்து பார்த்துக்கொள்கிறாள். அவள் வந்தபிறகுதான் நான் மறுபடியும் ஆபீஸ் பக்கம் தலைகாட்டினேன். அவள்தான் அவருடைய சரிகளைப் பிரித்துச் சொல்வாள். யக்கா, இது வேணாங்குற சரி, மொகத்தப் பாருங்க. எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்து எனக்குத் தெரியாதது அவளுக்கு எப்படித் தெரிகிறதோ. பொறாமையாகக்கூட இருக்கிறது, சொன்னால் வெட்கக்கேடு. காலையில் அவள் வாசலிலேயே நின்றாள். யக்கா, இன்னிக்கு அமாவாச, பெரிய வத்தம், மத்தியானம் மட்டும் உட்டீங்கன்னா சேத்துல மட்டிச் சிப்பி பொறுக்கிட்டு ஓடியாந்துருவேன். வத்தம் விடியலில் வருகிற நாட்களில் அதற்குப் போய்விட்டு, பிறகுதான் என் வீட்டுக்கு வருவாள், கையில் எப்போதும் உப்பும் சேறும் கலந்த ஒரு வாடை இருக்கும். இன்னிக்கு முடியாது முத்தாலு, எனக்கு இன்ஸ்பெக்‌ஷன், என்றேன். அவள் சண்டை போட்டிருந்தால் நன்றாயிருக்கும். கழுதைத் திட்டு இன்னிக்கு நல்லாத் தொறந்து கெடக்கும், என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் அவர் வாயைத் துடைத்தாள். அந்தப் பேச்சில்தான் நேரமாகிவிட்டது. நேரத்தோடு கிளம்பியிருந்தால் தண்ணி இருக்கும்போதே போய்த் திரும்பியிருக்கலாம், எப்போதும் அப்படித்தான் செய்வோம்.

தண்ணி இறங்குகிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியவில்லை, கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் தெரிகிறது, பிள்ளைகள் வளர்கிற மாதிரி. படகின் விலாவில் ஈரக்கோடு மேலேயே நிற்க, தண்ணி கீழே போய்விட்டது. காத்தமுத்து துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். சுகந்தன் போனில் யாரிடமோ, மேடம் கூடத்தான் இருக்கேன், ஆயிடும், ஆயிடும் என்கிறான். எனக்கு ஒன்றுக்கு வருகிறது. இதை யோசிக்கவே கூடாது என்று எவ்வளவு நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆண்பிள்ளைகளுக்கு என்ன, படகின் பின்பக்கம் திரும்பி நின்றால் முடிந்தது. நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்தே இன்ஸ்பெக்‌ஷன் என்றால் முதல் நாள் ராத்திரியிலிருந்து தண்ணி குடிப்பதை நிறுத்திவிடுவேன். தண்ணித் துறையில் வேலை, தண்ணி குடிக்கப் பயம். சுகர் வந்தபிறகு அந்த வித்தையும் பலிப்பதில்லை. வேறு எதையாவது நினை. அவருக்குக் கஞ்சி கொடுத்திருப்பாளா. மூச்சு முட்டினால் மிஷின் போடத் தெரியும், கரண்ட் போனால்? கரண்ட் போனால் என்ன செய்வாள், நானாவது இங்கிருந்து என்ன செய்வேன், சேற்றில் ஓடுவேனா. வேண்டாம், வேறு எதையாவது நினை. அப்போதுதான் பார்த்தேன், தட்டி நின்ற படகுக்குச் சற்றுத் தள்ளி, சும்மா கிடக்கிற தண்ணி என்று அவன் கை காட்டிய அதே இடத்தில், தண்ணியைக் காணோம். தரை. கறுத்து, பளபளத்து, ஒரு கல்யாண மண்டபம் அகலத்துக்குத் தரை. ஓரத்தில் சுரபுன்னைச் செடிகள், அதன் வேரெல்லாம் வெளியே. அதன்மேல் பெண்கள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து குனிந்து. இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்? நான் வெயிலில் சாமி வந்தவள் மாதிரி எழுந்து நின்றுவிட்டேன்.

அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள், என் அவஸ்தை என்ன என்பதும் அவளுக்குப் புரிந்துவிட்டது, பொம்பளைக்குப் பொம்பளை சொல்லவா வேண்டும். யக்கோவ், எறங்கி வாங்க, நாங்க சேலைய மறைப்பாப் புடிக்கிறோம், என்று அத்தனை பேருக்கும் கேட்கக் கத்தினாள். சுகந்தன் கூலிங் கிளாஸைத் துடைக்க ஆரம்பித்தான். மானம் போனது போனதுதான், தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். சேறு முழங்கால் வரைக்கும் இழுத்தது. ஐயோ, இப்படியே உள்ளே போய்விட்டால், அவரை யார் புரட்டிப் படுக்க வைப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது, சாவைப் பற்றி அல்ல. ரெண்டு பேர் வந்து கக்கத்தில் கை கொடுத்தார்கள். நாலு எட்டில் சேறு கெட்டியாகிவிட்டது. காலைத் தூக்கி வெக்காதீங்க, தேச்சுத் தேச்சு வாங்க, மட்டி கிழிச்சுப்புடும். தேய்த்து வைத்தேன். காலடியில், விரலுக்கு விரல், உருண்டை உருண்டையாக, கெட்டியாக, உயிரோடு. ஒரு இடம்கூட வெறுமையாக இல்லை. அவர்கள் கண்ணால் தேடவில்லை, கால் விரலால் துழாவி எடுத்துக் கூடையில் போடுகிறார்கள், பேச்சு அது பாட்டுக்கு நடக்கிறது. புதருக்குப் பின்னால் ரெண்டு சேலையை விரித்துப் பிடித்தார்கள். உயிர் திரும்பி வந்தது. அழுகை வந்துவிட்டது, இதற்கெல்லாமா அழுவார்கள், ஆனால் எத்தனையோ வருஷமாக இந்த ஆற்றில் எனக்கு யாரும் மறைப்புப் பிடித்ததில்லை. வெளியே வந்தால் ஒருத்தி கேட்கிறாள், படகு தட்டிப்போச்சாக்கா? ஆமாம். பின்ன, கழுதை நின்ன எடத்துலயே வந்து நிக்கிறீங்களே! எல்லோரும் சிரித்தார்கள். முன்னொரு காலத்தில் சலவைக்காரர் ஒருவரின் கழுதை வத்தத்தில் இங்கே ஏறி, ஏத்தத்தில் இறங்கத் தெரியாமல் கழுத்தளவு தண்ணியில் நின்றதாம். அதிலிருந்து இது கழுதைத் திட்டு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் காதில் அது விழுந்தது. கழுதைத் திட்டு. நல்லாத் தொறந்து கெடக்கும். இதுவா? இதுவேதானா? முத்தாலு இன்றைக்கு இங்கே நின்றிருக்க வேண்டும். அவள் திட்டை மூடுகிற கையெழுத்தைப் போட நான் வர வேண்டுமே என்பதற்காக, அவள் தன் வத்தத்தை விட்டுவிட்டு என் புருஷன் வாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அட பாவி தில்லைநாயகி.

படகுக்குத் திரும்பி வந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், சேறு காய்ந்து தோல் இழுத்தது. யோசிக்க யோசிக்க ஒரே இடத்தில்தான் வந்து தட்டுகிறது. நாங்கள் எப்போது வருவோம்? தண்ணி இருக்கும்போது. தண்ணி இல்லாவிட்டால் படகு ஓடாது, படகு ஓடாவிட்டால் இன்ஸ்பெக்‌ஷன் இல்லை. அவர்கள் எப்போது வருவார்கள்? தண்ணி இல்லாதபோது. எனக்கு முன்னால் இருந்தவரும் ஏத்தத்தில் வந்து, நேரில் பார்த்தேன், தண்ணி இருந்தது என்று எழுதினார், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். யாரும் பொய் எழுதவில்லை. ஒருத்தராவது காசு வாங்கிக்கொண்டு பொய் எழுதியிருந்தால் திட்டித் தீர்க்கலாம். சுகந்தன், அது தண்ணியில்லை, திட்டு, ஊர்ப் பெண்கள் மட்டி எடுக்கிற இடம், என்றேன். தெரியும் மேடம், என்றான். தெரியுமா? அந்தத் திட்டே நம்ம சேறுதானே மேடம், முன்னாடி வாரினப்போ நாம கொட்டினதுதான் மேடாச்சு. மறுபடி கொட்டினா மறுபடி மேடாகும், மட்டியும் மறுபடி வரும். எப்போ வரும்? அது... வரும் மேடம். இதேதான் டாக்டரும் சொன்னார். பேச்சு வருமா டாக்டர்? வரும்மா, டைம் எடுக்கும். வரும் வரும் என்று சொல்கிறவர்கள் யாரும் அதுவரைக்கும் கூட உட்கார்ந்திருப்பதில்லை. நம்ம சேறுதானே. அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, சேறு அவர்களுடையதுதான். ஆனால் சேறு எப்போது தரையாகிறது? நாலு பேர் காலூன்றிப் பிழைக்க ஆரம்பித்தபிறகும் அது கொட்டியவனுடைய சேறுதானா? இதை எந்த விதியில் போய்த் தேடுவது. வேற இடம் இல்லையா? இருக்கு மேடம், பார்ஜ் படகுல ஏத்திக் கடலுக்குள்ள கொண்டுபோய்க் கொட்டலாம், செலவு எகிறிடும், ஓனர் வேணாம்பாரு, இந்த வருஷம் விட்டுடுவோம்பாரு. முகத்தைப் பார்த்தால் மிரட்டுகிற மாதிரி இல்லை, அவனுக்கும் வேலை போய்விடும் போல. துண்டுக்கு அடியிலிருந்து காத்தமுத்துவின் குரல், தூங்கவில்லை மனுஷன். அம்மா, டாக்குல எம்மச்சானும் இருக்கான், அந்தத் திட்டுல எம்பொண்டாட்டியும் இருக்கா. பார்த்து எழுதுங்க. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் என்பார்கள், எனக்கு ரெண்டு காலிலும் சேறுதான். யாராவது எடுத்துச் சொல்லக் கூடாதா, இது வேணாங்குற சரி, இது வேணுங்குற சரி என்று. அலுப்பாக இருக்கிறது. படுத்துக்கொள்ள வேண்டும். யாராவது என்னைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

தண்ணி ஏறத் தொடங்கியது எப்போது என்று தெரியவில்லை. பெண்கள் கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கரைப் பக்கமாகப் போனார்கள், கடைசியில் போனவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள், அவளுக்கு என்ன தெரியும் நான் யாரென்று. திட்டு ஓரத்திலிருந்து சுருங்கியது, நடுவில் முற்றம் அளவுக்கு நின்றது, பிறகு ஒரு பாய் அளவு, பிறகு செடிகளின் தலை மட்டும். படகு ஒருமுறை அசைந்து, ஒருக்களித்திருந்தது நிமிர்ந்தது. காத்தமுத்து இஞ்சினை இழுத்தார். சுகந்தன் கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு, பாருங்க மேடம், எங்க இருக்கு திட்டு, யாரு வந்து பாத்தாலும் தண்ணிதான், என்றான். உண்மையிலேயே தண்ணிதான். வெயிலில் மினுங்கிக்கொண்டு சும்மா கிடந்தது. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, குனிந்து என் காலைப் பார்த்தேன். பேனாவைக் கொடுங்க சுகந்தன். பாவம், சந்தோஷமாகக் கொடுத்தான். வழக்கமான இடத்தில் என்பதை அடித்தேன். கடலில் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தினால் அடுத்து வருகிறவர் ஏத்தத்தில் வந்து நின்று இவளுக்கு என்ன பைத்தியமா என்று பழையபடி மாற்றிவிடுவார். அதனால் கீழே, கழுதைத் திட்டில் கொட்டக் கூடாது, வத்தத்தில் நேரில் பார்த்தேன், என்று எழுதினேன். படகு ஆடியதில் எழுத்து கோணிவிட்டது. இந்த ஃபைலில் அந்தப் பெயர் இப்போதுதான் முதல்முறையாக ஏறுகிறது. கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவன் படித்தான், மறுபடி படித்தான், ஓகே மேடம் என்று சொல்லவில்லை. காத்தமுத்து டாக்கைப் பார்த்துப் படகைத் திருப்பினார், அங்கே லோடுமேன்கள் நிழலில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தது இங்கிருந்தே தெரிந்தது. அந்த முகங்களை இனி நான் எப்படிப் பார்ப்பேன். பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று யாரிடம் நடிக்க. போனை எடுத்து முத்தாலுவுக்கு அடித்தேன். சாரு நல்லாருக்காருக்கா, கஞ்சி குடிச்சாரு, நீங்க எங்கருக்கீங்க? பின்னாலிருந்து அவர் குரல், சரி. முத்தாலு, நாளைக்கு வத்தம் உண்டா? உண்டுக்கா, அமாவாசைக்கு மறுநாளும் நல்லாத்தான் தொறக்கும், ஏன்? நீ நாளைக்குத் திட்டுக்குப் போ, சாரை நான் பாத்துக்கறேன், நான் வீட்டுலதான் இருப்பேன். அவர் காதில் விழாத மாதிரி, மெதுவான குரலில் முத்தாலு கேட்டாள். என்னாச்சுக்கா, வேல போயிடுச்சா? இன்னும் இல்ல முத்தாலு, என்றேன்.